கன்னியம்மாவின் அடுப்படியில் விழுந்த புள்ளி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். அறிவுரை என்று எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் படித்ததில்லை. அடுத்தவன் மூக்கு உடைந்த கதை என்றால் மட்டும் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். ஆகவே என் மூக்கு உடைந்த கதையைச் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நிலம் அளந்தவன் நான். எங்களுடையது தெற்கேயிருந்து வந்து யானைக்கவுனியில் மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் கல்லாவில் உட்கார்ந்தார்கள். நான் ஒருவன்தான் டேப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனேன். "நிழல்ல உக்காரத் தெரியாத பய" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கருவியின் மூன்று காலையும் நிறுத்திவிட்டு, டிரைவர்கள் என் குடும்பத்தை வாழ்த்துவதைக் கேட்டுக்கொண்டே கோணம் பார்த்த பிழைப்பு. சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்து என் சட்டைகள் எல்லாம் இரண்டே மாதத்தில் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். வீட்டில் துவைக்கிறவருக்குத்தான் என் தொழிலின் முழுக் கஷ்டமும் தெரியும்.

இப்போது உங்களுக்குக் கணக்கெல்லாம் கருவியே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஒரு நேர்கோட்டையும் ஒரு வட்ட வளைவையும் உள்ளே தட்டினால், அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று மறு நொடியில் சொல்கிறது. இரண்டு விடை வரும், நமக்கு வேண்டியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் கோட்டை விட்டவர்களும் உண்டு. எங்கள் ஆபீசில் ஒருவர் எதிர்ப்பக்க விடையை எடுத்து, ஒரு குடோனின் மூலைக்கல்லைப் பக்கிங்காம் கால்வாயின் நடுவில் நட்டுவிட்டு வா என்று ஆள் அனுப்பினார். அந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு. போன ஆள் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவார். நான் செய்தது அப்படியல்ல. பார்க்கிற யாருக்கும் தப்பு என்றே தெரியாத, சுத்தமாக இஸ்திரி போட்ட தப்பு.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடற்கரையை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். குப்பத்துக்கு மேற்கே ஒரு கண்டெய்னர் யார்டு. யார்டில் தேங்குகிற மழைநீரைக் கடலுக்கு விட ஒரு கால்வாய் கட்ட வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். பழைய பத்திரப்படி யார்டு நிலத்திலிருந்து கடற்கரைக்குப் பத்தடி அகலத்தில் ஒரு பொதுவழி உண்டு. கால்வாயை அதன் அடியில் கொண்டுபோகலாம், மேலே ஜனங்கள் நடக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. வழி எங்கே ஆரம்பிக்கிறது?

பத்திரம் அதையும் சொல்லியிருந்தது. யார்டின் கிழக்கு எல்லை ஒரு நேர்கோடு. அது தெற்கு வடக்காகப் போய், எந்தக் காலத்திலோ மூடிவிட்ட ஒரு கூட்ஸ் ரயில் பாதையின் வளைவில் முட்டுகிறது. முட்டுகிற முனையில் ஒரு கல். அந்தக் கல்தான் வழியின் வடக்கு ஓரம். அங்கிருந்து தெற்கே பத்தடி விட்டு மற்ற ஓரம். கல் இருந்தால் எங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? கல்லைக் காணோம். அது இருந்த இடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

எல்லைக்கோட்டின் இரண்டு பழைய கற்கள் யார்டுக்குள் பத்திரமாக இருந்தன. தண்டவாளம் மணலில் புதைந்துபோயிருந்தாலும் மூன்று இடத்தில் தலைகாட்டியது. மூன்று புள்ளி கிடைத்தால் வட்டம் கிடைத்துவிடும். அளந்தேன், கணக்குப் போட்டேன், முனை மில்லிமீட்டர் சுத்தமாக வந்து விழுந்தது. மறுபடி போட்டேன், அதே விடை. மூன்றாவது முறையும் அதே விடை. என் முதுகில் நானே தட்டிக்கொண்டு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் இன்னொன்றும் நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய வரைபடத்தில், அந்த முனையிலிருந்து குப்பத்துத் தெருக்கிணற்றுக்கு ஒரு தூரம் எழுதியிருந்தது. சும்மா இருக்கட்டும் என்று அதையும் ஒத்துப் பார்த்தேன். பதினோரு அடி உதைத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். சங்கிலி பிடித்து அளந்த காலம். எவரோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத் தூக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிண்டலாகச் சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்துக் கோப்பின் அடியில் சொருகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு குப்பத்துக்குப் போனேன். முனை விழுந்த இடம் ஒரு சமையலறை. அடுப்புக்கு அரை முழம் தள்ளி.

வீடு கன்னியம்மாவுடையது. கணவர் இல்லை. விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் தெருத்தெருவாக விற்று, இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். அந்தச் சமையலறையை வீட்டின் தெற்குப் பக்கமாக ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் சேர்த்து அவரே கட்டியிருந்தார். நான் உள்ளே நுழைந்து தரையில் பெயிண்ட் வைத்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சார், அடுப்பாண்ட வந்து பெயிண்ட் அடிக்கிற?"

"வழி இங்கருந்துதாம்மா ஆரம்பிக்குது. உங்க சமையலறை வழிக்குள்ள வருது."

"வயி அதோ வெளிய கீது சார். நான் கண்ணாலம் கட்டிகினு வந்த நாள்லர்ந்து ஜனங்க அதுலதான் நடந்துகினு கீறாங்க."

"ஜனங்க எங்க வேணா நடப்பாங்கம்மா. கணக்கு இங்கதான் காட்டுது."

இதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டு சரோஜாவுக்கும் கன்னியம்மாவுக்கும் தண்ணீர்க் குழாய்த் தகராறு வெகுநாளாக இருந்திருக்கிறது. சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, வயிய முயுங்கித்தான் அவ சமையக்கட்டு கட்டிகினான்னு! இப்போ கெவர்மென்ட்டே வந்து சொல்லிச்சா?"

நான் கெவர்மென்ட் இல்லை, கம்பெனி ஆள் என்று திருத்த வாயெடுத்தேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. கன்னியம்மா சரோஜா பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். சமையலறை போவது அவருக்கு ஒரு துக்கம். தெருவுக்குச் சொந்தமான வழியைத் திருடியவள் என்று பேர் வாங்குவது அதைவிடப் பெரிய துக்கம். அது அப்போதே எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் நான் பெயிண்ட் பிரஷ்ஷைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா பாத்தியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு தடவை கணக்குப் போட்டாச்சும்மா."

யார்டு மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் மழைக்காலம் அவரை விரட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஜேசிபி வரும், அதற்குள் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வரைபடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சனிக்கிழமை. தண்டவாளத்தின் துண்டுகளைப் போட்டோ எடுக்க மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். கரையில் படகை ஏற்றி வைத்துவிட்டு வலையில் சிக்கிய குப்பையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எத்திராஜ். கன்னியம்மாவின் தம்பி. முதல் நாள் கடலில் இருந்ததால் தெருவில் நடந்ததை நேரில் பார்க்கவில்லை. அடி விழும் என்றுதான் நான் நினைத்தேன். ஆள் அந்த அளவுக்கு இருந்தார்.

"சார், சண்டைக்கு வர்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் கல்லு எங்க அக்கா அடுப்பாண்டதான் இருந்துச்சின்னு எப்டி கண்டுகின?"

இதென்ன பெரிய விஷயம் என்று ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் வரைந்தேன். இது யார்டின் கோடு. இது ரயில் வளைவு. இது இரண்டும் வெட்டுகிற இடம். எத்திராஜ் குனிந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"இன்னா சார் இது, ரெண்டும் ஒண்ணு பக்கத்துல ஒண்ணு படுத்துகினு கீது! இதுல இங்கதான் வெட்டுதுன்னு எத்த வச்சி சொல்ற?"

"கணக்கு இருக்குப்பா."

"கணக்கு கெடக்கட்டும் சார். இத்த கேளு. கடலுக்குள்ள ஒரு ஒடஞ்ச கப்பல் கெடக்குது. அங்க மீனு ஜாஸ்தி. ஆனா வல மாட்டுச்சின்னா கந்தல்தான். தண்ணிக்கு அடியில கீறது எனக்கு எப்டி தெரியும்? கரையத்தான் பாக்கணும். அத்தோ, எண்ணூர் சிம்னி ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறையணும். அது ஒரு கோடு. அப்பால இந்தாண்ட, கோயில் கோபுரமும் தண்ணி டேங்க்கும் ஒண்ணா நிக்கணும். அது இன்னொரு கோடு. ரெண்டும் குறுக்கால வெட்டணும் சார். அப்பதான் எடம் நிக்கும்."

"சிம்னி பக்கத்திலேயே இன்னொரு அடையாளம் வச்சுக்கிட்டா?"

"எடம் ஓடும். படகு ஒரு பர்லாங் நவுந்துபூடும், கண்ணுக்கு எல்லாம் அப்டியே கீற மாறியே கீது. அந்த மாறி அடையாளம் வச்சி வல போட்டவன் வலைய கிழிச்சிகினு வந்துதான் கத்துப்பான். நீ எங்க அக்கா வூட்ட கிழிச்சிட்டு கத்துக்கப் போறியா?"

(அவர் சொன்னதைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று பிற்பாடு ஒருநாள் அவருடைய படகில் போனேன். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. நடுவில் ஒரு கண்ணைத் திறந்து, இரண்டு புகைபோக்கிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைவதை மட்டும் பார்த்தேன். அது போதும்.)

மணலில் நான் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமில்லை. படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். கோடும் வளைவும் கத்திரியை விரித்த மாதிரி குறுக்கே வெட்டினால் புள்ளி உறுதியாக நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் படுத்த இரண்டு ஊதுபத்தி மாதிரி உரசிக்கொண்டு போனால் எங்கே தொடுகிறது என்று சொல்வது கஷ்டம். தெரியாமல் தப்பு செய்தவனை மன்னிக்கலாம். பரீட்சையில் மார்க் வாங்கிய பிறகு அதே தப்பைச் செய்தவனை என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது. எத்திராஜிடம் ஒன்றும் சொல்லாமல் ஆபீசுக்கு வண்டியை விட்டேன்.

கணக்கைத் திறந்து, வளைவை ஒரு கை அகலம், வெறும் ஒரு கை அகலம், நகர்த்திப் பார்த்தேன். அவ்வளவு தூரம் தண்டவாளம் நகர்ந்திருக்குமா? தாராளமாக. எத்தனை வருடம் அதன் மேல் கூட்ஸ் வண்டி ஓடியது, எத்தனை முறை அதைக் கடப்பாரை போட்டு நெம்பிச் சரி செய்தார்கள், எத்தனை மழை மண்ணை அரித்தது! நான் அளந்த இரும்பு, பத்திரம் எழுதிய நாளில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஒரு கை அகலம் நகர்த்தியதும் முனை பதினோரு அடி தெற்கே ஓடிப்போய் நின்றது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன் என்று கன்னியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? மூன்று முறையும் அதே எண்களைத்தான் உள்ளே போட்டேன். அதே விடை வராமல் வேறென்ன வரும்? அதற்குப் பேர் சரிபார்ப்பு இல்லை. நம் குரலையே நாம் மூன்று முறை கேட்டுச் சந்தோஷப்படுவது. புள்ளி கிடைத்ததும் அதைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். அளவில் சின்னதாக ஒரு பிழை இருந்தால் அது எவ்வளவு தூரம் ஓடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறக்காதீர்கள்.

பதினோரு அடி என்றதும் கோப்பின் அடியில் சொருகிய தாள் ஞாபகம் வந்தது. எடுத்துப் பிரித்தேன். கிணறு முனைக்குத் தெற்கே இருந்தது, கோட்டின் போக்கிலேயே. அதை மையமாக வைத்து, எழுதியிருந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அது யார்டின் கோட்டைப் பளிச்சென்று குறுக்கே வெட்டும். இதுவும் கோடும் வளைவும்தான். ஆனால் இது ஓடாத புள்ளி. சங்கிலி ஒரு சாண் தப்பாக இருந்தால் புள்ளியும் ஒரு சாண்தான் தப்பும். போட்டுப் பார்த்தேன். முனை சமையலறைக்கு வெளியே விழுந்தது.

அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்தவர் தூங்கவில்லை. இந்தக் கல் தொலைந்தால் கணக்கால் மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கிணற்றோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேர் தெரியாது, முகம் தெரியாது, மில்லிமீட்டர் காட்டுகிற கருவி அவரிடம் இல்லை. நான் பார்த்துச் சிரித்த ஆள், என்னைவிட நல்ல சர்வேயர். இந்தத் தொழிலில் எனக்கு யார் குரு என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

மேனேஜருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கன்னியம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. எத்திராஜிடமும் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஜேசிபி திங்கட்கிழமைதானே, ஞாயிறு காலையில் போய்ச் சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போய், வீட்டுக்கு வந்து நிதானமாக இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குத்தான் கிளம்பினேன். அந்த இட்லியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது சமையலறை இல்லை.

கூரைத் தகரம் தெருவில் சாய்த்து வைத்திருந்தது. அடுப்பு, பாத்திரங்கள், ஒரு மரக்கதவு எல்லாம் வெளியே. மூன்று சுவரையும் பிரித்தாகிவிட்டது. உடையாத செங்கல்லை ஒரு பக்கமும் உடைந்ததை ஒரு பக்கமும் அடுக்கி வைத்துக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கன்னியம்மா நின்றிருந்தார். புருவமெல்லாம் சிமெண்ட் தூள். எத்திராஜ் கடைசி வரிசையைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, திங்கட்கிழமைன்னுதானே சொன்னாங்க?"

"ஜேசிபி இடிச்சா வூடும் சேந்து வுயுந்துடும் சார். நானே பிரிச்சிகினா கல்லாவது மிஞ்சும்."

"எத்திராஜ், நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சார். எடம் ஓடும்னு சொன்னேன். அக்கா கேக்கல. நீ மூணு தபா பாத்துட்டேன்னு சொன்னியாமே. படிச்சவரு மூணு தபா பாத்துட்டு சொல்றாருன்னா சும்மாவா, நீ பொத்திகினு வேலயப் பாருன்னு என்னியத்தான் திட்டுச்சி."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். தூசி இல்லை. நிலத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது நமக்கு ஒரு எண். அங்கே குடியிருப்பவர் அதை நம்பிச் சுவரைப் பிரிப்பார். இவ்வளவு வருடத்தில் அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

விஷயத்தைச் சொன்னேன். கன்னியம்மா கையிலிருந்த செங்கல்லை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினார். எத்திராஜ் கடப்பாரையைக் கீழே வைத்தார். "அளக்கலாம் வா" என்றார்.

தெருக்கிணறு இப்போது சிமெண்ட் பலகையால் மூடிய கிணறு. மேலே ஒரு அடிபம்பு. எத்திராஜ் பலகையின் ஓரத்தில் குப்புறப் படுத்து, உறையின் விளிம்பைத் தடவித் தடவி மையத்தைக் காட்டினார். அங்கே டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு வந்து மணலில் வளைவாக ஒரு கீறல் போட்டேன். யார்டின் கோட்டுக்கு ஒரு நூல் கட்டினோம். நூலும் கீறலும் குறுக்கே வெட்டிய இடத்தில் தோண்டச் சொன்னேன். தெரு மொத்தமும் சுற்றி நின்றது. சரோஜாவும் நின்றார்.

முதலில் மணல், அப்புறம் சாம்பல், அப்புறம் மறுபடி மணல். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை "டங்" என்றது. தலை உடைந்த ஒரு கல். மேலே கையால் தடவினேன். எல்லைக்கல்லில் உளியால் வெட்டுகிற கூட்டல் குறியில் பாதி மிச்சமிருந்தது. நூலும் கீறலும் வெட்டிய இடத்துக்கும் அதற்கும் நாலு விரல்கூட இல்லை.

கல்லிலிருந்து கன்னியம்மாவின் பழைய சுவர் இருந்த இடத்துக்கு அளந்தேன். ஒரு சாண். வழியை அவர் முழுங்கவில்லை. தன் பக்கத்தில் ஒரு சாண் விட்டுத்தான் சுவரே எழுப்பியிருந்தார். "வண்டி கிண்டி வந்தா ஒரசாம போவட்டும்னு வுட்டேன்" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி.

சேதி போய் மேனேஜரும் வந்து சேர்ந்தார். கல்லைப் பார்த்தார், செங்கல் அடுக்கைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். கொத்தனாரை நாளைக்கே யார்டிலிருந்து அனுப்புகிறேன் என்று கன்னியம்மாவிடம் சொன்னார். அப்புறம் என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், புதுசா ஒரு டிராயிங் போட்டுக் குடுத்துருங்க. பழசைக் கிழிச்சிடலாம். தப்பு நடந்துச்சுன்னு எங்கயும் எழுத வேணாம். உங்க பேரும் கெடாது, எனக்கும் மேல இருந்து கேள்வி வராது."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் வசதி. ரிட்டயர் ஆக அதிக நாள் இல்லாத நேரம், அதுவரை என் வரைபடம் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று ஆபீசில் ஒரு பேர். ஒரு நிமிடம் நான் ஆசைப்பட்டேன் என்பதையும் உங்களிடம் ஒளிக்கவில்லை. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். பழைய வரைபடத்தைக் கிழித்துவிடலாம். வெள்ளிக்கிழமை இதே தெருவில், இத்தனை பேர் காது கேட்க, கன்னியம்மா வழியைத் திருடினார் என்று ஆனதை எங்கே போய்க் கிழிப்பது?

செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்ட அந்த வரைபடத்தை மடியில் விரித்தேன். எங்கள் வரைபடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். அன்று என் கையெழுத்துக்கு மேலேயே தமிழில் எழுதினேன். "வெள்ளிக்கிழமை நான் குறித்த முனை தவறு. இன்று கல் கிடைத்த இடமே சரியான முனை. கன்னியம்மாவின் வீடு வழிக்குள் இல்லை. தவறு என்னுடையது." மறுபடி கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

கன்னியம்மா பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா எழுதின?"

"தப்பு என்னோடதுன்னு எழுதியிருக்கேம்மா."

"படி."

படித்தேன். எழுதும்போது இருந்த வீரம் படிக்கும்போது இல்லை. குரல் உள்ளுக்குள்ளேயே போயிற்று.

"எனக்கு கேக்குது சார். எதுத்த வூட்டுக்கு கேக்கணும். எந்திரிச்சி நின்னு சத்தமா படி."

எழுந்து நின்றேன். மீன் ஏலம் விடுகிற குரலில், என் பேரையும் சேர்த்து, முழுவதையும் படித்தேன். கிணற்றடியில் குடத்தோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சரோஜா குனிந்து, தெருவில் சிதறிக் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்துவந்து அடுக்கில் வைத்தார். வைத்துவிட்டு அடுத்த இரண்டை எடுக்கப் போனார்.

கன்னியம்மா தலைத்துணியை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவர் அழுதாரா, சிமெண்ட் தூளைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. துணியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார்.

"செரி. கொத்தனாரு நாளிக்கு வரட்டும். நீ இன்னா பாத்துகினு கீற, கல்ல எடுத்துக் குடு."

ஷூவைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் வரை செங்கல் எடுத்துக் கொடுத்தேன்.